சட்டைப் பையில் ஒரு சீட்டு

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வந்திருக்கீங்களா? வந்திருந்தா நான் சொல்லப் போறது சட்டுனு புரியும். வராதவங்களுக்காகக் கொஞ்சம் விவரமா.

மலை முழுக்க மஞ்சள். காவடி எடுக்கிறவருக்கு மஞ்சள் வேட்டி, கூட வர்ற அம்மாவுக்கு மஞ்சள் புடவை, தோளில் உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கும் மஞ்சள் சட்டை. பாதிப் பேர் தலை மொட்டை, மொட்டை மேல சந்தனம். நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசிக்கிட்டு ஒரு கூட்டம், காஞ்சிபுரம், வேலூர் பக்கத்திலிருந்து தமிழ் பேசிக்கிட்டு ஒரு கூட்டம். இதுக்கு நடுவில ஒரு குழந்தை காணாமப் போனா என்ன அடையாளம் சொல்லுவீங்க? "மஞ்ச சட்டை, மொட்டைத் தலை, சந்தனம் பூசியிருக்கும்"னு மைக்கில் சொன்னா ஆயிரம் குழந்தை பொருந்தும். சரி, பேரைச் சொல்லலாம்னா அது அதை விட மோசம். எங்க ஊர் கடைத்தெருவில நின்னு "தணிகாசலம்"னு ஒரு குரல் கொடுத்துப் பாருங்க, பத்து பேர் திரும்புவாங்க :-)

ஆறு வயசில நானே அப்படித் தொலைஞ்சிருக்கேன். சரவணப் பொய்கை பக்கம். யாரோ ஒருத்தர் தூக்கிட்டுப் போய் பந்தல்ல உட்கார வச்சாங்க. "உன் பேரு என்னடா?"னு கேட்டாங்க. அழுகைதான் வந்துச்சு, பேர் வரலை. அப்புறம் ஒரு போலீஸ்காரர் என் சட்டைப் பையில கை விட்டார். தாத்தா எழுதி வச்ச சீட்டு ஒண்ணு இருந்தது. என் பேர், தாத்தா பேர், தெரு, ஊர். பத்து நிமிஷத்தில வீட்டு ஆளுங்க வந்துட்டாங்க.

இந்தச் சீட்டு விஷயத்தை இருபது வருஷத்துக்கு மேல மறந்தே போயிருந்தேன். ஞாபகப்படுத்தினது ஒரு சர்வர்.

ஒரே முகவரியில் முப்பது பேர்

2000-களின் நடுவில சென்னையில ஒரு கம்பெனியில எனக்கு சர்வர்களைக் கண்காணிக்கிற வேலை. (பேர் வேண்டாம்.) பத்து மணி நேரம் ஒரு திரையைப் பார்த்துக்கிட்டே உட்காரணும். பச்சை விளக்கு சிவப்பானா யாருக்காவது போன் பண்ணணும். அவ்வளவுதான் ஆணி.

அந்தக் கம்பெனிக்கு முப்பது கிளைகள். ஒவ்வொரு கிளையிலயும் ஒரு சின்ன ரூட்டர், அதுக்குப் பின்னால ஒரு சர்வர். முதல் கிளையில அமைச்சதை அப்படியே நகல் எடுத்து மீதி இருபத்தொன்பதிலும் போட்டிருந்தாங்க. அதனால எல்லா சர்வருக்கும் ஒரே முகவரி: 192.168.1.10. கிளைக்குள்ள பார்த்தா இதில தப்பே கிடையாது. அது உள்முகவரிதானே, வெளியே யாருக்கும் தெரியாது.

ஒரு மாசக் கடைசியில திரையில ஒரு எச்சரிக்கை: "192.168.1.10, டிஸ்க் பழுதாகிறது." எங்க பட்டியல்ல அந்த முகவரிக்கு நேரே முதல்ல பதிவான கிளையின் பேர் இருந்தது. நான் அங்கே போன் போட்டு சர்வரை நிறுத்தச் சொன்னேன். மாசக் கடைசி பில் போட்டுக்கிட்டிருந்தவங்க திட்டிக்கிட்டே நிறுத்தினாங்க. திறந்து பார்த்தா டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. "பொய் எச்சரிக்கை"ன்னு எழுதி மூடிட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு வேற ஒரு கிளையில டிஸ்க் செத்துப் போச்சு. எச்சரிக்கை அனுப்பினது அந்த சர்வர்தான். மூணு மாசக் கணக்கை அந்தக் கிளைக்காரங்க கையால திரும்ப ஏத்தினாங்க. அந்த சர்வர் உதவி கேட்டிருக்கு. கேட்டது யார்னு எங்களுக்குத்தான் தெரியலை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்ததுன்னு அப்புறம் தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதில ஒரு நல்ல வரலாறு கிடைச்சது. அதைத்தான் இங்கே சொல்றேன்.

முகவரியே பேராக இருந்த காலம்

இன்னிக்கும் நாம பயன்படுத்துற ஐபிவி4 முகவரி முறை 1981-ல் வரையறுக்கப்பட்டது. 32 பிட். கணக்குப் போட்டா சுமார் 429 கோடி முகவரி. அன்னிக்கு நெட்வொர்க்கில இருந்த கணினிகள் சில நூறுதான், அதனால 429 கோடிங்கிறது கடல் மாதிரி தெரிஞ்சிருக்கும். ஒவ்வொரு கணினிக்கும் உலகத்திலேயே தனி முகவரி. முகவரி தெரிஞ்சா ஆள் யார்னு தெரியும். முகவரியும் அடையாளமும் ஒண்ணு.

கண்காணிக்கிற கருவிகளும் அந்த நம்பிக்கையில்தான் பிறந்தது. 1983-ல் மைக் மூஸ் எழுதின 'பிங்' ஒரு முகவரியைக் கூப்பிட்டு "இருக்கியா?"ன்னு கேட்கும். பதில் வந்தா இருக்குன்னு அர்த்தம். 1988-ல் எஸ்.என்.எம்.பி. வந்தது. ரூட்டர், சர்வர் எல்லாத்தையும் ஒரே மொழியில விசாரிக்கிறதுக்கான ஏற்பாடு. இதில ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, மையத்திலிருந்து நாம போய்க் கேட்கிறது. இன்னொண்ணு, ஏதாவது ஆச்சுன்னா அந்தக் கருவியே கத்துறது. இந்தக் கத்தலுக்கு 'ட்ராப்'னு பேரு.

அந்த முதல் பதிப்பின் ட்ராப்புக்குள்ள ஒரு கட்டம் வச்சிருந்தாங்க: அனுப்புகிறவரின் ஐபி முகவரி. உறை மேல எழுதின அனுப்புநர் முகவரி இல்லை இது. கடிதத்துக்குள்ள கடைசியில கையெழுத்துக்குப் பக்கத்தில எழுதுவோமே, அந்த மாதிரி. 1988-ல் இது ரொம்ப சரியான யோசனை. எங்க 192.168.1.10 விவகாரத்துக்கு விதை விழுந்தது இங்கேதான்.

லாட்ஜும் ரூம் நம்பரும்

90-களின் தொடக்கத்திலேயே 429 கோடி பத்தாதுன்னு தெரிஞ்சு போச்சு. புது முகவரி முறை வரணும், ஆனா அதுக்குப் பல வருஷம் ஆகும். அதுவரைக்கும்? 1994 மே மாதம் கெல்ட் எகவாங், பால் பிரான்சிஸ் ரெண்டு பேரும் ஒரு யோசனையை ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணமா வெளியிட்டாங்க. முகவரி மாற்றம், சுருக்கமா 'நாட்'.

திருத்தணியில தங்கியிருந்தா இதைப் புரிஞ்சுக்கிறது சுலபம். லாட்ஜுக்கு வெளியே ஒரே போன் நம்பர். உள்ளே 101, 102, 103. ரூமிலிருந்து வெளியே பேசணும்னா ரிசப்ஷன் வழியாத்தான். எந்த ரூம் எந்த ஊருக்குப் பேசுதுன்னு ரிசப்ஷன்காரர் ஒரு நோட்டில குறிச்சுக்கிறார். பதில் வந்தா நோட்டைப் பார்த்து அந்த ரூமுக்குத் தர்றார். பேசி முடிச்சதும் அந்த வரியை அடிச்சுடறார். பக்கத்து லாட்ஜிலும் ஒரு 101 உண்டு, அதுக்குப் பக்கத்திலும் உண்டு. ஒண்ணும் குழப்பம் இல்லை, ஏன்னா 101-ங்கிறது அந்தச் சுவருக்குள்ள மட்டும் செல்லும்.

அந்த '101'-களுக்கான எண்களை 1996 பிப்ரவரியில ஆர்.எஃப்.சி. 1918 முறைப்படி ஒதுக்கி வச்சது. 10-ல் தொடங்கறது, 172.16-லிருந்து 172.31 வரை, 192.168-ல் தொடங்கறது. யார் வேணும்னாலும் கேட்காம எடுத்துக்கலாம். வீட்டு ரூட்டரைப் பாருங்க, அநேகமா இதில ஒண்ணுதான் இருக்கும். கூடவே போர்ட் எண்ணையும் மாத்துற முறை பரவினதும் ஒரே ஒரு வெளிமுகவரிக்குப் பின்னால ஒரு கம்பெனியையே குடி வைக்க முடிஞ்சது. ஒரு முகவரிக்கு 65,536 போர்ட் இருக்கே.

1994-ல் இந்த யோசனையை எழுதினவங்களே இதை ஒரு குறுகிய காலத் தீர்வுன்னுதான் சொன்னாங்க. முகவரிக்கு இருந்த முனைக்கு முனை அர்த்தம் இதனால போயிடும்னும் அதே ஆவணத்தில எழுதி வச்சாங்க. அந்தக் 'குறுகிய காலம்' முப்பது வருஷத்தைத் தாண்டி ஓடிக்கிட்டிருக்கு. நம்ம ஊர்ல தற்காலிகக் கொட்டகை போட்டா நிரந்தரமாகிற மாதிரி!

எங்க ஊர் கொட்டகை

இந்தியாவில பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15, வி.எஸ்.என்.எல். மூலமா. 1998-ல் தனியாருக்கும் கதவு திறந்தது. அப்புறம் சின்ன ஊர்களிலும் பிரவுசிங் சென்டர் முளைச்சது. திருத்தணியிலும்தான். ஒரு போன் லைன், ஒரு மோடம், ஆறு கணினி. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில இணைப்பைப் பகிர்ந்துக்கிற வசதி உள்ளேயே இருந்தது. அதை இயக்கினா முதலாளி மேஜையில இருக்கிற கணினி 192.168.0.1 ஆயிடும், மத்ததெல்லாம் அதுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும். அது 'நாட்'டுனு அந்த முதலாளிக்கும் தெரியாது, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருந்த எனக்கும் தெரியாது.

வெளியிலிருந்து பார்த்தா அந்த ஆறு பேரும் ஒரே ஆள். ஆறில் ஒருத்தர் யாருக்காவது மிரட்டல் மெயில் அனுப்பினா? அதுக்குத்தான் நீள நோட்டு வந்தது. பேர், நேரம், எந்த கணினி. 2011 ஏப்ரலில் மத்திய அரசு கொண்டு வந்த சைபர் கஃபே விதிகள் இதையே சட்டமாக்குச்சு: அடையாள அட்டை பார்க்கணும், பதிவேட்டைக் குறைஞ்சது ஒரு வருஷம் வச்சிருக்கணும். யோசிச்சுப் பார்த்தா ரூட்டர் தன் நினைவில வச்சுக்கிற மாற்றுப் பட்டியலைத்தான் அந்த முதலாளி பேனாவால எழுதிக்கிட்டிருந்தார். ரூட்டர் சில நிமிஷத்தில அழிச்சுடும், இவர் ஒரு வருஷம் வச்சிருப்பார். வித்தியாசம் அவ்வளவுதான்.

கண்காணிக்கிறவன் பாடு

சரி, சர்வருக்கு வருவோம். சர்வர் 'நாட்'டுக்குப் பின்னால போனதும் கண்காணிக்கிறவனுக்கு மூணு கஷ்டம் ஒரே நேரத்தில வந்தது.

முதல் கஷ்டம், உள்ளே போக முடியாது. வெளியிலிருந்து லாட்ஜுக்குப் போன் பண்ணி "101 கொடுங்க"ன்னு கேட்டா, நோட்டில வரி இல்லைன்னு ரிசப்ஷன் வச்சுடும். ரெண்டாவது, உள்ளே பத்து சர்வர் இருந்தாலும் வெளியே தெரியறது ஒரே முகவரி. மூணாவது கஷ்டம்தான் எங்களைக் கவிழ்த்தது. 'நாட்' ரூட்டர் உறையின் மேல இருக்கிற முகவரியை மட்டும்தான் மாத்தும். கடிதத்துக்குள்ள கை வைக்காது. அதனால ட்ராப்புக்குள்ள இருந்த '192.168.1.10' அப்படியே சென்னை வரை வந்து சேர்ந்தது. உறையைப் பார்த்திருந்தா எந்தக் கிளைன்னு தெரிஞ்சிருக்கும். எங்க மென்பொருள் உறையைக் கிழிச்சுப் போட்டுட்டு உள்ளே இருந்த கையெழுத்தை நம்புச்சு.

இது எங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. 2000 அக்டோபரிலேயே ஆர்.எஃப்.சி. 2962 என்று ஒரு ஆவணம், முழுக்க முழுக்க இதுக்காகவே எழுதப்பட்டிருக்கு. ஒரே உள்முகவரியை வச்சிருக்கிற பல வாடிக்கையாளர்களை ஒரே மையத்திலிருந்து கண்காணிக்கிறவங்க என்ன பண்றதுங்கிறதுதான் கேள்வி. அதில சொன்ன வழி: நடுவில ஒருத்தரை உட்கார வச்சு, எஸ்.என்.எம்.பி. கடிதத்தைப் பிரிச்சு, உள்ளே இருக்கிற முகவரியையும் மாத்தி எழுதி, திரும்ப ஒட்டி அனுப்பறது. முகவரி நாலே பைட்டா தனியா இருந்தா சுலபம். ஆனா எஸ்.என்.எம்.பி.யில சில அட்டவணைகளில வரிசை எண்ணாகவே முகவரியைப் பயன்படுத்துவாங்க. அங்கே மாத்தினா கடிதத்தின் நீளமே மாறும். எல்லாத்துக்கும் மேல, கடிதத்துக்கு முத்திரை வச்சு அனுப்பினா நடுவில யாரும் பிரிக்க முடியாது. பிரிச்சா முத்திரை உடையும்.

முத்திரை வைக்கிறது மூணாம் பதிப்பில வந்தது. 90-களின் கடைசியில எழுதத் தொடங்கி, 2002 டிசம்பரில ஆர்.எஃப்.சி. 3411-லும் கூட வந்த ஆவணங்களிலும் முடிஞ்ச வடிவம். அதில ரெண்டு நல்ல காரியம் பண்ணினாங்க. ட்ராப்பின் உடம்பில அந்தப் பழைய முகவரிக் கட்டம் இல்லை. அதுக்குப் பதிலா ஒவ்வொரு கருவிக்கும் 'எஞ்சின் ஐடி' என்று ஒரு தனி அடையாளம், 5-லிருந்து 32 பைட் வரை. முகவரி மாறலாம், ரூட்டர் மாறலாம், அது மாறாது. கருவி தன்னைத்தானே "நான் இன்னார்"னு சொல்லிக்கும்.

படிச்சதும் சட்டைப் பை ஞாபகம் வந்துடுச்சு. தாத்தாவோட சீட்டு!

இதே முடிவுக்கு வேற வழியில வந்தவங்களும் உண்டு. ஈதன் கால்ஸ்டாட் 1999-ல் 'நெட்செய்ன்ட்'னு ஒரு இலவச மென்பொருள் வெளியிட்டார், 2002-ல் அது 'நாகியோஸ்' ஆச்சு. அதில மையம் போய்க் கேட்கிறதோடு, உள்ளே இருக்கிற சர்வரே தன் நிலையை வெளியே அனுப்பவும் வழி உண்டு. அனுப்பும்போது முதல்ல எழுதறது முகவரி இல்லை, சர்வரின் பேர். லாட்வியாக்காரர் அலெக்சி விளாடிஷெவ் 2001-ல் பொதுவுக்குக் கொடுத்த 'ஜாபிக்ஸ்'லயும் இதே கதை. உள்ளே இருக்கிற ஏஜென்ட் தானே வெளியே வந்து, "என் பேர் இது, நான் என்னென்ன பார்க்கணும்?"னு மையத்தைக் கேட்கும். அந்தப் பேர் மையத்தின் பட்டியல்ல இல்லைன்னா அப்படி ஒருத்தரைத் தெரியாதுன்னு பதில் வரும். 2008-ல் அதில 'ப்ராக்ஸி'யும் சேர்ந்தது. கிளைக்குள்ளேயே ஒருத்தரை உட்கார வச்சு, உள்ளே இருக்கிறவங்களை எல்லாம் விசாரிச்சு, மொத்தமா சென்னைக்குச் சொல்லச் சொல்றது.

திசை மாறினதைக் கவனிங்க. முன்னே மையம் உள்ளே போய்க் கதவைத் தட்டும். 'நாட்' வந்து கதவை மூடினதும், உள்ளே இருக்கிறவன் வெளியே வந்து பேர் சொல்றான். உள்ளிருந்து வெளியே வர்றதுக்கு ரிசப்ஷன் எப்பவும் வழி விடும்.

இதுலயும் ஓட்டை இல்லாம இல்லை. நகல் எடுத்து நிறுவின சர்வர்களில பேரும் எஞ்சின் ஐடியும் சேர்ந்தே நகலாகி நிற்கிறதை நானே பார்த்திருக்கேன். ஒரே சீட்டை ஜெராக்ஸ் எடுத்து எல்லாக் குழந்தை பையிலயும் வச்ச மாதிரி. இன்னொரு ஓட்டை, அடுத்தவன் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றவன். அதுக்குத்தான் சீட்டில கையெழுத்து வேணும். எஸ்.என்.எம்.பி. மூணாம் பதிப்பில கடவுச்சாவியை எஞ்சின் ஐடியோட பிணைச்சாங்க. ஜாபிக்ஸ் 2016-ல் 3.0 பதிப்பிலிருந்து சான்றிதழும் ரகசியச் சாவியும் வச்சுக்கிட்டது.

சீட்டு இல்லாமலே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஓரளவுக்கு. 2002-ல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி ஆய்வகத்தில இருந்த ஸ்டீவன் பெல்லோவின் ஒரு அழகான வேலை பண்ணினார். ஒவ்வொரு ஐபி பாக்கெட்டிலும் ஒரு வரிசை எண் மாதிரி ஒண்ணு இருக்கும். அன்னிக்குப் பல கணினிகள் அதை ஒண்ணு ஒண்ணா ஏத்திக்கிட்டே போகும். 'நாட்'டுக்கு வெளியே உட்கார்ந்து இந்த எண்களை மட்டும் குறிச்சு வரைபடம் போட்டா, தனித்தனிக் கோடுகள் தெரியும். எத்தனை கோடோ உள்ளே அத்தனை கணினி! பேர் தெரியாது, தலை எண்ணலாம்.

2005-ல் டாடயோஷி கோனோவும் கூட இருந்த ரெண்டு பேரும் இன்னும் ஒரு படி மேல போனாங்க. ஒவ்வொரு கணினியின் கடிகாரமும் கொஞ்சூண்டு வேகமாவோ மெதுவாவோ ஓடும். ரெண்டு கணினி ஒரே மாதிரி தவறாது. பாக்கெட்டில வர்ற நேர முத்திரைகளைக் கூர்ந்து பார்த்தா இது அந்தக் கணினிதான்னு பிரிச்சுச் சொல்லலாம்னு காட்டினாங்க. நடையை வச்சு ஆளைக் கண்டுபிடிக்கிற மாதிரி.

புத்திசாலித்தனமான வேலைகள், மறுக்கலை. ஆனா இதெல்லாம் ஊகம்தான். பின்னால வந்த இயங்குதளங்கள் அந்த எண்களை எழுதற முறையை மாத்தினதும் பழைய கணக்கு பலிக்காம போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்தக் கிளைக்குப் போன் போடறதுன்னு ஊகத்தை வச்சு முடிவு பண்ணக் கூடாது. பண்ணினவன் சொல்றேன்.

சர்வரிலிருந்து மனுஷனுக்கு

இது வரைக்கும் டிஸ்க்கும் மாசக் கணக்கும்தான் நஷ்டம். முகவரியை வச்சு மனுஷனைத் தேடும்போது நஷ்டம் வேற மாதிரி.

2007 ஆகஸ்ட் கடைசியில பெங்களூரில ஒரு மென்பொருள் பொறியாளரை புனே போலீஸ் கைது பண்ணிக் கொண்டு போனாங்க. ஆர்குட்டில சிவாஜி மகாராஜாவைப் பத்தி வந்த ஒரு படம்தான் விவகாரம். ஐபி முகவரியை வச்சுத் தேடினதில கிடைச்சது அவர் பேர். சுமார் 50 நாள் சிறை. கடைசியில பார்த்தா அந்த முகவரியை அந்த நேரத்தில வச்சிருந்தது அவரே இல்லை, இணைய நிறுவனம் கொடுத்த விவரம் தப்பு. இது 'நாட்' வழக்கு இல்லை. ஒரே முகவரி நேரத்துக்கு ஒருத்தர் கைக்கு மாறுமே, அந்தக் குழப்பம். நேரத்தை வச்சுப் பிரிக்க வேண்டியதே இவ்வளவு தூரம் போச்சுன்னா, ஒரே நேரத்தில நூறு பேர் ஒரே முகவரியில இருந்தா?

அந்த நிலைமையும் வந்தது. 2011 பிப்ரவரி 3-ஆம் தேதி உலக அளவில கையிருப்பா இருந்த கடைசி முகவரித் தொகுப்புகளைப் பிரிச்சுக் கொடுத்துட்டாங்க. அதே ஏப்ரலில ஆசிய பசிபிக் பகுதியும் கடைசித் தொகுப்புக்கு வந்தது. செல்போன் கம்பெனிகள் ஊரையே ஒரு 'நாட்'டுக்குப் பின்னால வைக்க ஆரம்பிச்சாங்க. 2012 ஏப்ரலில அதுக்குன்னே 100.64-ல் தொடங்குற ஒரு தொகுதியை ஒதுக்கினாங்க. வீட்டு ரூட்டர் ஒரு லாட்ஜ்னா, அந்த லாட்ஜ் இருக்கிற தெருவுக்கே இன்னொரு ரிசப்ஷன்.

இதை முன்கூட்டியே யோசிச்சு 2011 ஜூனில ஆர்.எஃப்.சி. 6302 ஒரு எளிய புத்திமதி சொல்லுச்சு. உங்க சர்வருக்கு வர்றவங்களைப் பதிவு பண்ணும்போது முகவரி மட்டும் போதாது. வர்றவரோட போர்ட் எண்ணையும் எழுதுங்க. நொடி வரைக்கும் சரியான நேரத்தையும் எழுதுங்க. லாட்ஜ் நம்பர் மட்டும் இருந்தா யாரையும் பிடிக்க முடியாது, தப்பான ஆளைத்தான் பிடிக்கலாம். எந்த இணைப்பு, எத்தனை மணிங்கிறது இருந்தாத்தான் ரிசப்ஷன் நோட்டில தேட முடியும். இந்தியாவில 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் கொடுத்த உத்தரவில பதிவுகளை 180 நாள் வச்சிருக்கணும், எல்லாக் கடிகாரமும் தேசிய தகவல் மையத்தோட அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட நேரத்துக்குப் பொருந்தணும்னு சொன்னாங்க. கடிகாரத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்னு கேட்டவங்களுக்கு அந்தப் பெங்களூர்க்காரரோட 50 நாளைச் சொல்லியிருக்கேன்.

ஐபிவி6 வந்தா எல்லாம் தீரும்பாங்க. 2016-ல் ஜியோ வந்ததுக்கப்புறம் இந்தியாவில அது வேகமா பரவி, இன்னிக்குப் பாதிக்கும் மேல பயனாளர்கள் அதில இருக்காங்க. முகவரிப் பஞ்சம் தீரும், சரி. ஆனா அதுலயும் தனி மனுஷனைப் பின்தொடராம இருக்க முகவரியை அடிக்கடி மாத்திக்கிற வசதி உண்டு. முகவரி பழையபடி பேராக மாறப் போறதில்லை.

தாத்தா ஏன் ஜில்லா எழுதலை

அந்தச் சீட்டை ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு டப்பாவில பார்த்தேன். பேர், தாத்தா பேர், தெரு, திருத்தணி. அவ்வளவுதான். ஜில்லா இல்லை, மாநிலம் இல்லை. ஏன்னு தாத்தாகிட்ட கேட்டதுக்குச் சிரிச்சார். "எத்தனை தடவைடா மாத்தி எழுதறது?"

அவர் சொன்னது நிஜம். அவர் பிறந்தப்ப மெட்ராஸ் மாகாணம், சித்தூர் ஜில்லா. 1953 அக்டோபர் 1-ல் சித்தூரோட சேர்ந்து ஆந்திர மாநிலம். 1956-ல் ஆந்திரப் பிரதேசம். ம.பொ.சி. தலைமையில வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, 1959-ல் சட்டம், பதிலுக்குச் சில கிராமங்கள் அந்தப் பக்கம். 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி திரும்ப மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்து செங்கல்பட்டு ஜில்லா. 1969-ல் தமிழ்நாடு. 1997-ல் திருவள்ளூர் மாவட்டம். நடுவில 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வேற, 631209. நாடு முழுக்க ஒரே பேர்ல பல ஊர், பல மொழியில முகவரின்னு தபால்காரங்க தவிச்சதுக்காக வந்த எண் அது. அதுவும் ஒரு எஞ்சின் ஐடிதான்!

இத்தனைக்கும் தாத்தா வீட்டு வாசலை விட்டு நகரவே இல்லை. முகவரி மேல இருக்கிறவங்க கொடுக்கிறது, அவங்க மாத்துவாங்க. பேர் வீட்டில வச்சது.

அந்த டிஸ்க் செத்த வாரம் நான் உட்கார்ந்து முப்பது சர்வருக்கும் தனித்தனிப் பேர் வச்சேன். கிளையின் ஊர்ப் பேரோட ஒரு எண். ஒவ்வொண்ணுக்கும் உள்ளே போய், நகலில வந்த பழைய பேரை அழிச்சு, புதுப் பேரை எழுதி, அது அதுவே வெளியே வந்து சொல்ற மாதிரி அமைச்சேன். மூணு ராத்திரி ஆச்சு. அதுக்கப்புறம் திரையில 192.168.1.10-ன்னு வந்ததே இல்லை. "அரக்கோணம்-1"னு வரும், நான் அரக்கோணத்துக்குப் போன் பண்ணுவேன்.

போன ஆடிக் கிருத்திகைக்கு என் பையனைக் கூட்டிட்டுப் போனேன். மஞ்ச சட்டை, மொட்டை, சந்தனம். கையில செல்போன் இருக்கே, எதுக்கு இதெல்லாம்னு வீட்டில கேட்டாங்க. கூட்டத்தில டவர் எங்கே கிடைக்குது? பையில சீட்டு வச்சுதான் மலை ஏத்தினேன்.